இரவு 2 மணிக்கு வரும் அழைப்பு

கேள்வி இது: "மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒன்றில் 11 ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். அடுத்த மாதம் முதல் 40 படுக்கை உள்ள அறுவை சிகிச்சை வார்டின் பொறுப்பு என்னிடம் வருகிறது. நோயாளியைக் கவனிக்கத் தெரியும், 14 பேரை வைத்து வேலை வாங்கத் தெரியாது. ரெஜிஸ்டர்களுக்குள் புதைந்து நோயாளியை மறந்துவிடுவேனோ என்றும் பயமாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?"

சிஸ்டர், நான் பணியில் சேர்ந்து 24 ஆண்டுகள் ஆகின்றன. அதில் 9 ஆண்டுகள் வார்டு பொறுப்பில் இருக்கிறேன். வார்டு நிர்வாகம் என்று ஒரு பாடம் நமக்கு உண்டு. தேர்வுக்குப் படித்தோம், எழுதினோம், மறந்தோம். பொறுப்பு கைக்கு வந்த அன்று அதில் ஒரு வரிகூட எனக்கு நினைவுக்கு வரவில்லை. அதனால் நீங்கள் பயப்படுவதில் தவறே இல்லை.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வார்டிலேயே வயதில் சின்னவர், வேலைக்கு வந்து ஆறு மாதம் ஆன பெண், இரவு 2 மணிக்கு உங்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "அக்கா, என்னவென்று சொல்லத் தெரியவில்லை, ஆனால் 14-ஆம் கட்டில் அம்மா சரியாக இல்லை" என்று சொல்ல வேண்டும். அப்படிக் கூப்பிடத் துணிவு இருந்தால் உங்கள் வார்டில் நோயாளிகள் பத்திரமாக இருக்கிறார்கள். கூப்பிட்டால் திட்டு விழும் என்று அவள் தயங்கினால், ரெஜிஸ்டர் எல்லாம் ஒழுங்காக இருந்தும் பயனில்லை. இதற்குக் கீழே நான் எழுதுவது எல்லாம் அந்த அழைப்பு வருவதற்கான வழிகள்தான்.

மூச்சிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் வார்டில் இன்றைக்கே ஐந்து கேஸ் ஷீட்டுகளை எடுத்து, மூச்சு எண்ணிக்கை எழுதும் பத்தியை மட்டும் மேலிருந்து கீழே பாருங்கள். 18, 18, 20, 18, 20 என்று போகும். குடலிறக்க அறுவை சிகிச்சை முடிந்தவருக்கும் 18, காய்ச்சலில் அனத்துகிறவருக்கும் 18. பி.பி.யைக் கருவி சொல்லிவிடுகிறது, ஆக்சிஜன் அளவை விரலில் மாட்டிய கிளிப் சொல்லிவிடுகிறது. மூச்சை மட்டும் ஒரு மனுஷி நின்று எண்ண வேண்டும். அதற்குத்தான் நேரமில்லை என்று நாம் எல்லோரும் 18 எழுதிவிடுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன்.

ஆனால் ரத்தத்தில் கிருமி பரவும்போது பி.பி. இறங்குவதற்கு வெகு முன்பே மூச்சு வேகமாகிவிடும். பல மணி நேரம் முன்பே உடல் நமக்குச் சொல்கிறது. எங்கள் வார்டில் ஒருமுறை, குடலில் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள் ஒரு அம்மாள். பி.பி. 110/70. காய்ச்சல் இல்லை. புதிதாக வந்திருந்த பெண், "அக்கா, நேற்று என் ஊர் எது, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இன்றைக்கு வாயே திறக்கவில்லை" என்றாள். அவ்வளவுதான் அவளிடம் இருந்த தகவல். நான் போய் நாடி பிடிப்பது போல மணிக்கட்டைப் பிடித்து, அந்தக் கையை அவர் மார்மீது வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் முழுவதும் எண்ணினேன். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளி மூச்சை மாற்றிவிடுவார், அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. 28 இருந்தது. நாடி 116. குடல் தையல் கசிந்திருந்தது என்பது ஸ்கேனில் தெரிந்தது. அன்று மாலையே மறுபடியும் அறுவை சிகிச்சை அரங்குக்குப் போனார். மூன்று வாரம் கழித்து நடந்து வீட்டுக்குப் போனார்.

அந்தப் பெண் கண்டுபிடித்தது 28 என்ற எண்ணை அல்ல. பேச்சு நின்றுவிட்டதை. நேற்று அவள் அந்தக் கட்டிலருகே நின்று இரண்டு வார்த்தை பேசியதால்தான் இன்று மௌனம் அவளுக்குக் கேட்டது. "வம்பு பேசாமல் வேலையைப் பார்" என்று ஒரு காலத்தில் எங்களை அதட்டிய சீனியர்கள் உண்டு. நீங்கள் அப்படி அதட்டாதீர்கள். நோயாளியோடு பேசுவது வேலையின் பகுதி.

அடுத்தது, தவறு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் எப்படிப்பட்ட இன்சார்ஜ் என்பது இந்த இடத்தில்தான் தெரியும்.

நான் பணியில் சேர்ந்து இரண்டாம் ஆண்டு. சர்க்கரை நோயால் காலில் புண் வந்த ஒருவர். அன்று வார்டில் இன்சுலின் இருப்பு தீர்ந்திருந்தது. அவருடைய மகன் வீட்டிலிருந்து இன்சுலின் பேனாவில் போடும் சின்ன மருந்துக் குப்பி, அதாவது கார்ட்ரிட்ஜ் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். பேனா இல்லை. நான் வழக்கமான சிவப்பு மூடி சிரிஞ்சால் அதிலிருந்து 12 கோடு இழுத்துப் போட்டுவிட்டேன். செவிலியராக இருக்கும் உங்களுக்கு இப்போதே பதறியிருக்கும். வார்டு பாட்டிலில் ஒரு மில்லியில் 40 யூனிட். சிவப்பு மூடி சிரிஞ்சு அந்தக் கணக்குக்குச் செய்தது. கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். அதற்குரிய சிரிஞ்சு ஆரஞ்சு மூடி. 12 யூனிட் போட வேண்டியவருக்கு 30 யூனிட் போயிருந்தது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் போனபோது, "நர்ஸம்மா, கை நடுங்குகிறது" என்றார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கட்டில் மேசைமேல் இருந்த கார்ட்ரிட்ஜைத் திருப்பி எழுத்தைப் படித்தேன். என் கால் தரையில் நிற்கவில்லை.

எங்கள் இன்சார்ஜ் சிஸ்டரிடம் ஓடினேன். அவர் என்னைப் பார்த்து, "எத்தனை யூனிட்? எத்தனை மணிக்கு?" என்று இரண்டே கேள்வி கேட்டார். 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்) பாட்டிலை அவரே கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். டாக்டருக்குச் சொல்லச் சொன்னார். சர்க்கரை ஏறும் வரை கட்டிலை விட்டு நகரவில்லை. இரவு முழுவதும் மணிக்கொரு முறை பார்க்க ஏற்பாடு செய்தார். நோயாளியிடமும் மகனிடமும் நடந்ததை மறைக்காமல் சொன்னார், என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு. நடந்ததை என் கையாலேயே எழுதி வாங்கினார். திட்டவில்லை. மறுநாள் ஓய்வறையில் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டது இது: "வெளியிலிருந்து வந்த மருந்தை யாரிடமும் காட்டாமல் போடலாம் என்ற நிலை இந்த வார்டில் எப்படி வந்தது?" கேள்வி என்னைப் பற்றியதாக இல்லை, வார்டைப் பற்றியதாக இருந்தது. அன்று முதல் இன்சுலின் எதுவானாலும் இரண்டு பேர் பார்த்த பிறகுதான் ஊசி. இன்றைக்கும் என் வார்டில் அதுதான் வழக்கம்.

பிறகு நான் வேலை பார்த்த இன்னொரு இடத்தில் வேறு மாதிரி. மருந்து மாற்றிப் போட்ட ஒரு பெண்ணை, நோயாளிகள், உறவினர்கள், ஆயாக்கள் எல்லோர் முன்னாலும் நிற்கவைத்துக் கத்தினார்கள். அவள் அழுதுகொண்டே போனாள். அதற்குப் பிறகு நான் அங்கிருந்த இரண்டு ஆண்டுகளில் ஒரு தவறுகூடப் பதிவாகவில்லை. தவறு நடக்கவில்லை என்று நினைக்கிறீர்களா? யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். டெக்ஸ்ட்ரோஸ் போட்டுக் காப்பாற்றக் கிடைத்த அந்த ஒரு மணி நேரம் அந்த வார்டில் யாருக்கும் கிடைத்திருக்காது.

கண்டிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. இரவில் தூங்கிவிட்டு பி.பி. பார்த்ததாகக் கற்பனையில் எழுதுகிறவரைக் கண்டித்தே ஆக வேண்டும். அதைக் கதவைச் சாத்திவிட்டுச் செய்யுங்கள். தெரியாமல் செய்தது, அவசரத்தில் செய்தது, தெரிந்தே ஏய்த்தது மூன்றும் ஒன்றல்ல என்பதை உங்கள் ஆட்கள் உங்கள் குரலிலிருந்தே புரிந்துகொள்ள வேண்டும்.

டூட்டி மாறும்போது ஓவர் கொடுப்பதை, அதாவது அடுத்து வருபவரிடம் நோயாளிகளை ஒப்படைப்பதை, மேசையிலிருந்து கட்டிலுக்குக் கொண்டுபோங்கள். முதல் மாதத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். மேசையில் உட்கார்ந்து நோட்டைப் படித்தால், "9-ஆம் கட்டில், ஹெர்னியா, டிரிப்ஸ் ஓடுகிறது" என்பதோடு முடிந்துவிடும். கட்டிலருகே போனால் டிரிப்ஸ் ஓடவில்லை, வென்ஃப்ளான் (டிரிப்ஸ் ஏற்றும் ஊசிக்குழாய்) போட்ட கை வீங்கியிருக்கிறது என்பது தெரியும். யூரின் பேக்கைத் தூக்கிப் பாருங்கள்: எவ்வளவு, என்ன நிறம். அறுவை செய்த இடத்திலிருந்து கசிவு வடியும் டிரெய்ன் பாட்டிலில் கோடு போட்டு நேரம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். போர்வையை விலக்கிக் கட்டைப் பாருங்கள், ரத்தம் மேலே தெரியாமல் முதுகுப் பக்கமாக வழிந்து மெத்தையில் ஊறியிருக்கும். எழுந்து நடக்க முடியாதவர் என்றால் ஒருமுறை புரட்டி இடுப்புக்குக் கீழே எலும்பு மேடு சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். சிவந்தபோதே பார்த்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தே சமாளிக்கலாம், தோல் உரிந்த பிறகு மாதக்கணக்கு. நோயாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். "ஹெர்னியா கேஸ்" என்று அவர் காதுபட ஒருபோதும் சொல்ல வேண்டாம். 40 கட்டிலுக்கும் இது முடியாது என்று உங்கள் ஆட்கள் சொல்வார்கள். உண்மைதான். புதிதாக அறுவை சிகிச்சை முடிந்தவர்கள், ரத்தம் ஏறிக்கொண்டிருப்பவர்கள், முந்தைய டூட்டியில் யாருக்காவது மனத்தில் உறுத்தியவர்கள் என்று பத்துக் கட்டிலோடு தொடங்குங்கள். அந்தக் கடைசி வகையைக் கேட்டே வாங்குங்கள்: "உங்களுக்கு யாரைப் பற்றிக் கவலையாக இருக்கிறது?" எங்கள் வார்டில் தினமும் மூன்று முறை இந்தக் கேள்வி கேட்கப்படுகிறது.

டாக்டரைக் கூப்பிடுவதற்கும் பழக்க வேண்டும். சின்னப் பெண்கள் இரவில் டூட்டி டாக்டரைக் கூப்பிட்டு, "சார், பேஷண்ட் கொஞ்சம் சரியில்லை" என்பார்கள். நாள் முழுக்க அரங்கில் நின்று கால் கடுக்கப் படுத்தவர், "பார்த்துக்கொள்ளுங்கள், காலையில் வருகிறேன்" என்பார். இருவர்மீதும் குறை சொல்ல முடியாது. அவர் எழுந்து வரத் தேவையான தகவல் அந்த வாக்கியத்தில் இல்லை. நான் என் ஆட்களை மேசையருகே நிற்கவைத்துப் பேசிப் பார்க்கச் சொல்வேன்: "சார், அறுவை சிகிச்சை வார்டு, 14-ஆம் கட்டில். குடல் அறுவை முடிந்து இரண்டாம் நாள். இரண்டு மணி நேரத்தில் மூச்சு 20-லிருந்து 28, நாடி 116. சிறுநீர் நான்கு மணி நேரத்தில் 60 மில்லி. தையல் கசிகிறதோ என்று சந்தேகம். நீங்கள் இப்போது வந்து பார்க்க வேண்டும்." யார், என்ன, எனக்கு என்ன தோன்றுகிறது, உங்களிடம் என்ன வேண்டும். கடைசி வரியைச் சொல்லத்தான் எல்லோரும் கூச்சப்படுவார்கள். "வந்து பார்க்க வேண்டும்" என்று செவிலியர் டாக்டரிடம் சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது என்பதை நீங்கள்தான் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒருமுறையாவது அவர்கள் முன்னால் நீங்களே அப்படிப் பேசிக் காட்டுங்கள்.

இனி ஆள் பற்றாக்குறை. மத்திய நிதி அமைச்சகத்தின் பணியாளர் ஆய்வுப் பிரிவு வகுத்த அளவு, பொது வார்டில் 6 நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர். நம் இரவு டூட்டியில் 40 பேருக்கு எத்தனை பேர் நிற்கிறோம் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இதைப் பற்றி ஓய்வறையில் புலம்பிப் புலம்பியே என் முதல் பதினைந்து ஆண்டுகள் போயின. புலம்பலுக்குக் கோப்பில் இடமில்லை. அமெரிக்காவில் லிண்டா எய்க்கன் என்ற செவிலியப் பேராசிரியர் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்பது அதன் முடிவு. அதைப் படித்தபோது எனக்குக் கோபத்தைவிட ஒரு தெம்பு வந்தது. நாம் களைப்பாக இருக்கிறோம் என்பது நம் சொந்தக் குறையல்ல, நோயாளியின் உயிர்க் கணக்கில் வருகிற எண்.

ஆகவே எழுதுங்கள். ஒவ்வொரு டூட்டியிலும் எத்தனை நோயாளிகள், எத்தனை செவிலியர்கள், அதில் அறுவை முடிந்த முதல் நாள் நோயாளிகள் எத்தனை பேர் என்று மூன்று எண்கள் போதும். மாதம் முடிந்ததும் ஒரு பக்கத்தில் செவிலியர் கண்காணிப்பாளருக்குக் கடிதமாகக் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்கி வையுங்கள். நைட்டிங்கேல் அம்மையாரை விளக்கோடுதான் படம் போடுகிறோம். கிரிமியப் போரில் காயத்தால் இறந்தவர்களைவிட நோயால் இறந்த படைவீரர்களே மிக அதிகம் என்பதை 1858-இல் அவர் எண்களால் வரைபடமாக வரைந்து காட்டினார். நோயாளிகளின் எண்ணிக்கையை எழுதும் நம் சென்சஸ் நோட்டும் அந்த வம்சம்தான். எனக்கு இரண்டு ஆண்டுகள் எழுதிய பிறகு இரவுக்கு ஒருவர் கூடுதலாகக் கிடைத்தார். ஒருவர்தான். ஆனால் கிடைத்தார்.

டூட்டி பட்டியல் போடும்போது உங்கள் நியாயம் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி சுவரில் ஒட்டுங்கள். போன பொங்கலுக்கு யார் வந்தார், தீபாவளிக்கு யார் வந்தார் என்பதை ஒரு தாளில் எழுதி வைத்தால் பாதிச் சண்டை வராது. கைக்குழந்தை உள்ளவருக்கு இரவைக் குறையுங்கள், ஆனால் அந்தச் சுமை யார் தலையில் விழுகிறது என்பதையும் கணக்கில் வைத்துப் பிறகு ஈடு செய்யுங்கள். திருமணம் ஆகாத பெண்களுக்கே எல்லா விசேஷ நாளும் டூட்டி போடுவது நம் வார்டுகளில் பழகிப்போன அநியாயம். மாதம் ஒருமுறையாவது நீங்கள் இரவில் வந்து நில்லுங்கள். பகலில் கூட்டமாக இருக்கும் வார்டு இரவில் எவ்வளவு நீளமாக இருக்கிறது என்பது இன்சார்ஜுக்கு மறந்துவிடக் கூடாது.

ரெஜிஸ்டர்களைப் பற்றிப் பயப்பட வேண்டாம். இன்டென்ட் (பொருள் கேட்டு எழுதுவது), ஸ்டாக், டயட் எல்லாம் மூன்று மாதத்தில் கைக்குப் பழகிவிடும். ஒன்றை மட்டும் வேறு யாரிடமும் கொடுக்காமல் தினமும் நீங்களே பாருங்கள்: எமர்ஜென்சி ட்ரே. அட்ரினலின் காலாவதி தேதி, தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பில் விளக்கு எரிகிறதா, சளியை உறிஞ்சும் சக்‌ஷன் இழுக்கிறதா, ஆக்சிஜன் சிலிண்டர் திறக்கும் சாவி எங்கே. அந்தச் சாவியைக் கட்டுத் துணியால் சிலிண்டரிலேயே கட்டிவிடுங்கள். சாவி தேடி ஓடிய நிமிடங்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆயாக்களையும் தூய்மைப் பணியாளர்களையும் உங்கள் 14 பேர் கணக்கில் சேர்த்தீர்களா என்று தெரியவில்லை. சேர்த்துக்கொள்ளுங்கள். பெட்பான் வைப்பவர் அவர், மலத்தின் கறுப்பு நிறத்தை முதலில் பார்ப்பவரும் அவர்தான். "சிஸ்டரம்மா, ராத்திரியிலிருந்து கறுப்பாகப் போகிறார்" என்று எங்கள் ஆயா ஒருவர் சொன்னதால்தான் ஒருவருடைய வயிற்று ரத்தக்கசிவு நேரத்தோடு தெரிந்தது. கண்டுபிடித்தது அவர் என்று ரவுண்ட்ஸில் டாக்டரிடம் அவர் எதிரிலேயே சொன்னேன். அதற்குப் பிறகு அவர் சொல்லாமல் விட்டதே இல்லை.

நோயாளியை மறந்துவிடுவேனோ என்று கேட்டிருந்தீர்கள். நான் தினமும் ஒரே ஒரு நோயாளியை எடுத்துக்கொள்கிறேன். பெரும்பாலும் யாரும் துணைக்கு இல்லாதவர். வாய் துடைப்பது, உடல் துடைப்பது, தலை வாருவது, விரிப்பு மாற்றுவது எல்லாம் நானே. பக்கத்தில் புதிதாக வந்த ஒருவரை நிறுத்திக்கொள்வேன். முப்பது நிமிடம் ஆகும். பாடம் சொல்வதாக எதுவும் சொல்வதில்லை, வெந்நீரைப் புறங்கையில் தொட்டுப் பார்ப்பதை அவள் பார்த்துக்கொள்வாள்.

இன்னொன்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் முதல் வாரத்திலேயே வரலாம். உங்கள் புதிய பெண் ஒருத்தி முதன்முதலாக ஒரு சாவைப் பார்ப்பாள். அவளை அந்த உடலோடு தனியாக விட்டுவிடாதீர்கள். திரையை இழுத்துவிட்டு நீங்களும் உள்ளே போங்கள். போலீஸ் கேஸ் என்றால் குழாய்களை எடுக்காமல் அப்படியே விட வேண்டும் என்பதை நினைவுபடுத்துங்கள். மற்றபடி, கண்களை மூடி, தாடையைக் கட்டி, கைகால்களை நேராக்கி, ஈரத் துணியால் முகத்தைத் துடைக்கக் காட்டிக் கொடுங்கள். உயிரோடு இருந்தபோது பேசிய மாதிரியே, "ஐயா, கையைத் தூக்குகிறேன்" என்று நான் சொல்லிக்கொண்டுதான் செய்வேன். தாலி, மெட்டி, மோதிரம் எதுவானாலும் எண்ணி, எழுதி, உறவினரிடம் கையொப்பம் வாங்கிக் கொடுக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் அவளை உட்காரவைத்து ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். அவள் பேசினால் கேளுங்கள், பேசாவிட்டாலும் எழுந்து போகாதீர்கள். அவள் பொறுப்பில் இருக்கும் கட்டில்களின் 6 மணி ஊசியை அன்று ஒரு நாள் நீங்கள் போட்டுவிடுங்கள்.